இடிக்கக் கூடாது, ஊதலாம்: ஒரு அடுப்பங்கரையின் வரலாறு

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் வீடு. இவருடைய கொள்ளுத்தாத்தா 1930களில் கட்டியது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அதைத் தாண்டி அடுப்பங்கரை, பிறகு கொல்லை. போன மாசியில் அடுப்பங்கரைக் கூரையில் ஒரு உத்தரம் அரை அடி இறங்கிவிட்டது. கரையான். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இது தாங்காதும்மா. ஓட்டைப் பிரிச்சு, கொல்லைப்பக்கச் சுவத்தையும் பாதி எடுத்துட்டுத்தான் கட்டணும்" என்றார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். "வயித்துப் புள்ளக்காரி இருக்கிற வீட்டுல சுவத்துல கடப்பாரை வைக்கக் கூடாது. புள்ள பொறந்து ஒரு வருஷம் போகட்டும்."

உத்தரம் ஒரு வருடம் காத்திருக்காது என்று கொத்தனாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் குரலில் இருந்தது வெறும் சம்பிரதாயம் இல்லை. பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்படி ஏதாவது மாட்டிக்கொண்டால் நான் வழக்கமாகச் செய்வது நோட்டை எடுத்துக் குறிப்பு எழுதுவது. இந்த முறை கேள்வி இது: கர்ப்பிணிக்கும் அடுப்பங்கரைக்கும் என்ன சம்பந்தம்? எதையெல்லாம் தடுத்தார்கள், எதையெல்லாம் தடுக்கவில்லை?

சுவரில் ஒரு செவ்வகம்

முதலில் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் தென்கிழக்கு மூலை, அதாவது அக்னி மூலை. கூடத்திலிருந்து ஒரு கதவு, கொல்லைக்கு ஒரு கதவு. ஜன்னல் கிடையாது. அடுப்பு மேடைக்கு மேலே ஓட்டில் ஒரு சின்னப் புகைக்கூண்டு, அதுவும் மழைக்குப் பயந்து என்றைக்கோ தகரம் வைத்து மூடப்பட்டது. கைமரங்கள் எல்லாம் தார் பூசியது மாதிரி கறுப்பு. விரலால் தொட்டால் ஒட்டாது. அறுபது எழுபது வருடப் புகை, இறுகி மரத்தோடு மரமாகிவிட்டது.

அந்தப் புகைக்கு ஒரு உபயோகமும் இருந்தது. விதைக்கு வைக்கும் சோளக்கதிர், அவரை விதை, கருவாடு எல்லாம் அடுப்புக்கு மேலேதான் தொங்கும். பூச்சி அண்டாது. கூரை மரத்துக்கும் அதே காவல்தான். கொத்தனார் சொன்னார்: "பொகை நின்ன வீட்டுலதாம்மா கரையான் ஏறும். காஸ் அடுப்பு வந்த பிறகு எத்தனை அடுப்பங்கரைக் கூரை எறங்கிடுச்சு தெரியுமா?" எங்கள் வீட்டுக்கு காஸ் வந்தது 1997இல். கணக்கு சரியாகத்தான் வருகிறது.

சுவர் எவ்வளவு தூரம் உளுத்திருக்கிறது என்று பார்க்க, கொத்தனார் கரணையால் அங்கங்கே காரையைச் சுரண்டினார். பழைய சுவர் மெல்லிய பழங்காலச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. ஆனால் கொல்லைப்பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு இடத்தில் மட்டும் தடித்த சேம்பர் செங்கல், சிமெண்ட் பூச்சு. சுற்றிச் சுரண்டினால் இரண்டடிக்கு மூன்றடி, கச்சிதமான செவ்வகம்.

"இங்க ஒரு ஜன்னல் இருந்திருக்கு. யாரோ அடைச்சிருக்காங்க."

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் கொல்லைக்குப் போய்விட்டார்கள்.

புகையை அழகாகப் பார்த்த கண்

அடுப்பங்கரைப் புகை நம் இலக்கியத்தில் இரண்டாயிரம் வருடமாக இருக்கிறது. குறுந்தொகையில் கூடலூர் கிழாரின் 167ஆம் பாட்டு பள்ளிக்கூடத்திலேயே பலருக்கு அறிமுகம். புதிதாகக் கல்யாணமான பெண், தயிர் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிக்கும் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது.

நான் இந்தப் பாட்டை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த மலர்ந்த முகத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். புகை ஏறிய கண்ணைப் பற்றி ஒரு மாணவிகூடக் கேட்டதில்லை, நானும் நின்றதில்லை. கவிஞர் அதைப் பார்த்திருக்கிறார் என்பதே பெரிது. ஆனால் அவருக்கும் அது அன்பின் அடையாளம். குறைக்க வேண்டிய ஒன்றாகப் படவில்லை. புகையில்லாத அடுப்பு என்றால் சோறில்லாத வீடு என்று அர்த்தமான காலம். புறநானூற்றில் வறுமையைச் சொல்லப் பெருந்தலைச் சாத்தனார் காட்டுவது, சமைத்தே நாளாகிக் காளான் பூத்துக் கிடக்கும் அடுப்பை. புகை வந்தால் வீடு பிழைத்திருக்கிறது என்று பொருள்.

கோடிப் பேருக்குப் புகையில்லாச் சமையலறை

இந்தப் புகை ஒரு பிரச்சினை, அதற்கு ஒரு தீர்வு வேண்டும் என்று நம் நாட்டில் திட்டமிட்டு வேலை செய்தவர்களில் ஒரு குழு காந்தியின் கிராமக் கைத்தொழில் சங்கம். 1934இல் தொடங்கியது, வார்தாவில். அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அங்கே 1940களில் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். பெயர் 'மகன் சூலா'. தமிழில் படித்தால் பிள்ளை பெயரில் அடுப்பா என்று தோன்றும். இல்லை. அந்த இடத்தின் பெயர் மகன்வாடி, காந்தியின் உறவினர் மகன்லால் நினைவாக வைத்தது.

அடுத்தவர் எஸ்.பி. ராஜு. ஹைதராபாத்தில் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். அவர் எழுதிய 'ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் தி மில்லியன்ஸ்' என்ற சிறு நூல் 1953இல் சென்னையில் அச்சானது. கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்று தலைப்பு. மண்ணையும் செங்கல்லையும் வைத்து, கையில் காசில்லாத வீட்டிலும் கட்டக்கூடிய அடுப்பு. ஒரே தீயில் இரண்டு மூன்று பாத்திரம். புகை குழாய் வழியாக வெளியே. பிறகு 1980களில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் என்று தேசிய அளவில் கொண்டுவந்தது. கோடிக்கணக்கில் அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள். 2002இல் திட்டம் நின்றது.

ஏன் நிலைக்கவில்லை? மண் அடுப்பு வெடிக்கும், குழாயில் கரி அடைக்கும், சுத்தம் செய்ய ஆள் வராது, கணக்குக்குக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இதெல்லாம் எழுதப்பட்ட காரணங்கள். எனக்கு இப்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. புகைபோக்கி வைக்க வேண்டுமென்றால் ஓட்டையோ சுவரையோ துளைக்க வேண்டும். வீட்டில் கை வைக்க வேண்டும். பெண்கள் இருபது வயதிலிருந்து நாற்பது வயது வரை மாறி மாறிக் கர்ப்பமாக இருந்த கூட்டுக் குடும்பங்களில், சுவரில் கை வைக்கக் கூடாத மாதங்கள் போக மிச்சம் எத்தனை மாதம் இருந்திருக்கும்?

காஸ் கதை வேறு. 1955இல் பர்மா ஷெல் பம்பாயில் சிலிண்டர் விற்க ஆரம்பித்தது, 1965இல் இண்டேன் கல்கத்தாவில். கிராமங்களுக்கு வர இன்னும் முப்பது நாற்பது வருடம் ஆனது. 2007இல் தமிழக அரசு இலவச காஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் தெருவில் பல வீடுகளில் விறகுக் கட்டு குறைந்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா. இதற்கெல்லாம் பிறகும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, சமையலுக்குச் சுத்தமான எரிபொருள் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 58.6 சதவீதம்தான்.

தடையில் இருக்கும் நியாயம்

அத்தை சொன்ன தடைக்கு வருகிறேன். இது நம் ஊரில் மட்டும் இல்லை. சீனர்களிடம் கருவுக்கென்றே ஒரு காவல் தேவதை உண்டு. பத்து மாதமும் வீட்டுக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அது எங்கே இருக்கிறது என்று அவர்களுடைய பஞ்சாங்கத்தில் தேதிவாரியாகப் போட்டிருப்பார்கள். ஒரு நாள் வாசல், ஒரு நாள் கட்டில், ஒரு நாள் சமையலறை அடுப்பு. அன்றைக்கு அந்த இடத்தில் ஆணி அடிக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, உடைக்கக் கூடாது. இதைப் படித்தபோது அத்தையும் ஏதோ ஒரு சீனப் பாட்டியும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி தோன்றியது.

மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாமா? நான் ஒதுக்க மாட்டேன். பழைய வீட்டை இடித்தால் கிளம்பும் தூசி சாதாரணத் தூசி இல்லை. சுண்ணாம்பு மூச்சுக்குழலை அரிக்கும். செங்கல் பொடியிலும் சிமெண்டைத் தேய்க்கும் பொடியிலும் நுரையீரலைக் கெடுக்கும் மணல்துகள் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் பழைய பெயிண்ட். எங்கள் அடுப்பங்கரைக் கதவு இரண்டிலும் தாத்தா காலத்துப் பச்சைப் பெயிண்ட், அதன் மேல் இன்னொரு பச்சை. அதில் காரீயம் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

(காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். விஷம் காரீயம். ஈயம் என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் இருப்பதால் குழப்பம் வருகிறது.)

காரீயப் பெயிண்ட் குழந்தைகளை நோயாளியாக்குகிறது என்று 1904இலேயே எழுதியவர் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகர மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன். வராந்தாக் கம்பியில் அடித்த பெயிண்ட் வெயிலில் பொடியாகி, குழந்தைகள் விரல் வழியாக வாய்க்குப் போகிறது என்று கண்டுபிடித்தார். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் அதைத் தடை செய்தது 1978இல். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்ட் எல்லாம் சந்தேகத்துக்கு உரியதுதான். காரீயம் உடம்புக்குள் போனால் எலும்பில் போய்த் தங்கும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது காரீயமும் கூடக் கரைந்து ரத்தத்துக்கு வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது.

ஆக, கர்ப்பிணி இருக்கும் வீட்டை இடிக்காதே என்பது முட்டாள்தனமான விதி இல்லை. காரணம் வேறாகச் சொல்லப்பட்டிருக்கலாம். ஒதுங்கி இரு என்பது சரியான அறிவுரை.

எனக்கு உறுத்தியது அடுத்த விஷயம். கர்ப்பிணி செய்யக் கூடாதவை என்று அத்தையிடமும், தெருவில் இரண்டு மூன்று பெரியவர்களிடமும் கேட்டுப் பட்டியல் போட்டேன். கிரகணத்தில் வெளியே வரக் கூடாது. பப்பாளி கூடாது. உச்சி வேளையில் புளியமரத்தடியில் போகக் கூடாது. வாசப்படியில் உட்காரக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. வீட்டை இடிக்கக் கூடாது. முப்பதுக்கு மேல் வந்தது. அதில் எங்கேயும் இல்லாதது ஒன்று: அடுப்பு ஊதக் கூடாது.

கேட்டதற்கு ஒரு பாட்டி சிரித்துவிட்டார். "அடுப்பு ஊதாம யாரு ஊதுவா? ஒம்போது மாசத்துலயும் ஊதாங்குழல கீழ வச்சதில்ல. குனிஞ்சு ஊதுனா சுகப்பிரசவம்னு சொல்லுவாங்க."

வருடக்கணக்கில் ஒருமுறை நடக்கும் மராமத்துக்குத் தடை இருந்தது. தினமும் ஐந்தாறு மணி நேரம் விழுங்கும் புகைக்குத் தடை இல்லை. ஏன் என்பது புரியாத விஷயம் இல்லை. மராமத்தைத் தள்ளிப்போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. புகையைத் தள்ளிப்போட்டால் வீட்டுக்குச் சாப்பாடு இல்லை. தடைகள் எப்போதும் விட்டுக்கொடுக்க முடிந்த இடத்தில்தான் போடப்படுகின்றன. விதிவிலக்கு மாதிரி ஒன்றே ஒன்று இருந்தது, வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அனுப்புவது. அந்த இரண்டு மூன்று மாதம் அவளுக்கு அடுப்பிலிருந்து விடுமுறை. ஆனால் அது தலைப்பிரசவத்துக்கு மட்டும்தான். இரண்டாவதிலிருந்து இங்கேயேதான்.

ஜன்னல்

இந்தப் பட்டியலை ஒரு சாயங்காலம் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு வந்ததும், "அந்த ஜன்னலப் பத்தித்தானே கேக்குற?" என்றார்கள். நான் கேட்கவே இல்லை.

1986. பெரிய நாத்தனாருக்கு மூன்று வயது. அத்தைக்கு இரண்டாவது ஆறாம் மாதம். கோட்டையடுப்பு எரியும் வீடு, பதினாலு பேருக்குச் சமையல். புகையில் இருமல் நிற்கவில்லை. மாமா பள்ளிக்கூட வாத்தியார். அப்பாயி கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிவந்து, அடுப்புக்கு நேராகச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். "அன்னைக்குத்தான் அந்த அடுப்பங்கரைக்குள்ள வெளிச்சத்த மொதமொதல்ல பாத்தேன்" என்றார்கள் அத்தை. "கொல்லை வாழமரம் தெரிஞ்சுது. இருமல்கூட கொறைஞ்சுது."

எட்டாம் மாதம் குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை.

சுவத்த ஒடச்சான், புள்ள போச்சு என்று அப்பாயி சொன்னார். பதினாறாம் நாள் கொத்தனார் மறுபடி வந்தார். ஜன்னல் அடைக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து இவர் பிறந்தார், நல்ல ஆரோக்கியமாக, மூடிய சுவருக்குள். அதுவே சாட்சியாகிவிட்டது. அதற்குப் பிறகு காஸ் வரும்வரை எட்டு வருடம், அந்தச் சுவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

"அவரு என் இருமலுக்காகத்தான் ஒடச்சாரு. நானும் ஒரு நாள் கோவத்துல, நீங்கதானே கொன்னீங்கன்னு கேட்டுட்டேன். அவரு பதிலே சொல்லல. சாகுற வரைக்கும் சொல்லல."

மாமா போய் ஆறு வருடமாகிறது.

புகைதான் காரணம் என்று சொல்லலாமா?

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அத்தையிடம், "ஜன்னல் இல்ல அத்தை, புகைதான்" என்று சொல்லிவிட வேண்டும் என்று துடித்தேன். மாமா செய்தது சரி, அடைத்ததுதான் தப்பு. ஒரு கதையைத் திருப்பிப் போட்டால் நியாயம் கிடைத்துவிடும் போல இருந்தது. சொல்வதற்கு முன் ஆய்வுகளைப் படித்தேன். நல்லவேளை படித்தேன்.

விறகுப் புகைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும், இறந்து பிறக்கும் குழந்தைக்கும் தொடர்பு இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டுப் புகையால் 2020இல் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் ஊரிலேயே, சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக நாலு கிராம் குறைகிறது. நாலு கிராம் அற்பமாகத் தெரியும். ஆனால் விறகு எரியும் மூடிய அறையில் கூடுவது பத்து இல்லை, நூற்றுக்கணக்கில்.

அடுத்த படி: விறகை நிறுத்தி காஸ் கொடுத்தால் எடை கூடுகிறதா என்று நேராகச் சோதிப்பது. அதையும் செய்தார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நாலு நாட்டில் 3200 கர்ப்பிணிகள். இந்தியாவில் நடந்த இடம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். எங்கள் ஊர் அப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் இருந்தது. பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மீதிப் பேர் வழக்கம்போல விறகு. காஸ் வீட்டில் பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஏறக்குறைய எழுபதிலிருந்து இருபத்து நாலாகக் குறைந்தது. 2022இல் முடிவு வந்தது. இரு தரப்புக் குழந்தைகளின் சராசரி எடையில் வித்தியாசம் இருபது கிராம் அளவுக்குத்தான். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை.

இதைப் படித்து ஏமாந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களுக்கு அடுப்பு கைக்கு வந்தபோது மூன்று, நாலு மாதம் ஆகியிருந்தது, அதற்குள் தாமதமாகிவிட்டிருக்கலாம். வாழ்நாள் முழுக்க விழுங்கிய புகையை ஐந்து மாத காஸ் சரிக்கட்டிவிடாது என்றும் யோசிக்கலாம். புகை நல்லது என்று இந்த முடிவு சொல்லவில்லை; நுரையீரலுக்கும் இருதயத்துக்கும் கண்ணுக்கும் அது செய்யும் கெடுதல் வேறு வழிகளில் நன்றாகவே தெரியும். ஆனால் ஒன்று நிச்சயம். 3200 பேரைப் பார்த்தவர்களே அவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசும்போது, 1986இல் ஒரு வீட்டில் ஒரு குழந்தை ஏன் போயிற்று என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. 'புகைதான்' என்று சொன்னால் நானும் அப்பாயி செய்ததைத்தான் செய்கிறேன். அப்பாயி ஜன்னலைக் காட்டினார், நான் அடுப்பைக் காட்டுவேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது அத்தை. மாமா மேல் இருந்த பழியை எடுத்து அத்தை மடியில் வைத்த மாதிரி ஆகிவிடும்.

சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். இரண்டடிக்கு மூன்றடி ஜன்னல், இரண்டு மாதத்துக்கு முன் உடைத்தது, ஒரு நாளில் வேலை முடிந்து தூசி அடங்கியது. அது ஒரு குழந்தையைக் கொல்லும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. எட்டாம் மாதத்தில் குழந்தை தவறுவதற்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, நஞ்சுக்கொடிக் கோளாறு, தொற்று என்று பல காரணம் உண்டு. இன்றைக்கும், ஸ்கேன் எல்லாம் இருந்தும், காரணமே தெரியாமல் போவதும் உண்டு.

இதை மட்டும்தான் அத்தையிடம் சொன்னேன். "அப்ப ஜன்னலால இல்லையா?" என்று கேட்டார்கள். இல்லை அத்தை என்றேன். "அப்ப எதனாலங்குற?" தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கூடத்தில் மாட்டியிருக்கும் மாமா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். நான் கூடப் போகவில்லை.

செய்யப் போவது

இதே நிலைமையில் யாராவது இருந்தால் உதவும் என்று எங்கள் ஏற்பாட்டையும் எழுதிவைக்கிறேன்.

உத்தரத்துக்கு இப்போதைக்குச் சவுக்கு முட்டுக் கொடுத்தாகிவிட்டது. சமையல் கூடத்துத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. சித்திரையில் வளைகாப்பு, அன்றைக்கே நான் அம்மா வீட்டுக்குக் கும்பகோணம் போகிறேன். மறுநாள் ஓடு பிரிக்கிறார்கள். ஆக அத்தையின் விதியும் மீறப்படவில்லை, கொத்தனாரின் கெடுவும் தவறவில்லை. யோசித்துப் பார்த்தால் பழைய வழக்கமே இதற்கு இடம் வைத்திருக்கிறது.

கதவுகளை உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டோம். நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், சுரண்டியதைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். இடிக்கும்போது சுவரில் தண்ணீர் அடித்துக்கொண்டே இடிக்க வேண்டும். இதெல்லாம் எனக்காக மட்டும் இல்லை. வேலைக்கு வரும் இரண்டு சித்தாள்களில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். கர்ப்பிணி இருந்தால் இடிக்காதே என்ற விதி வீட்டுக்காரிக்குத்தான் இருந்தது, கல் சுமப்பவளுக்கு இருந்ததே இல்லை. முகக்கவசம் வாங்கி வைத்திருக்கிறோம். கொத்தனாருக்கு முதலில் சிரிப்பு வந்தது, இப்போது போட்டுக்கொள்கிறார்.

பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். மெல்லிய பழஞ்செங்கல் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும். ஜன்னலை அடைத்த இடத்தைச் சுற்றி ஒரு அடிக்கு அப்படித்தான் உளுத்திருந்தது.

வரைபடத்தில் கொத்தனார் ஜன்னலைக் கிழக்குப் பக்கம் போட்டிருந்தார். போன வாரம் அத்தை அவரைக் கூப்பிட்டு, "பழைய எடத்துலயே வைங்க. அதே அளவு" என்றார்கள். "நெலை மரம்கூடப் பரண்ல கெடக்கு. அப்ப அவரு தூக்கிப் போடல."

ஏணி வைத்து இவர் ஏறிப் பார்த்தார். இருந்தது. தேக்கு. பரண் மேலும் புகை படிந்துதான் இருந்திருக்கிறது, கரையான் தொடவில்லை.